மூன்று தகரம்

பழுப்புக் கோப்பின் முதல் தாள்
நோர்வேக் கப்பலொன்றின் அதிகாரி எழுதியது.
காவலாளி அன்றிரவு
த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட் என்று
நீல மையில், ஒரே வரி.
மறுநாளே கப்பல் சிட்டகொங் போய்விட்டது.
வரி மட்டும் கொழும்பில் இறங்கி நின்றது.

கம்பனிக் கிளார்க் அதைச் சிங்களத்தில் பெயர்த்தார்:
காற்றில் மூன்று தகரம் போயிற்று.
ஆனி மாதம், சோளகம் வீசும் காலம்,
யாருக்கும் ஐமிச்சம் வரவில்லை.
துறைமுகத்தில் எதுதான் பறக்காது?
ஆகவே அருளப்பு லெம்பேட்,
பேசாலை, தற்போது கொச்சிக்கடை,
மூன்று தகரத்தின் விலையையும்
மாதாமாதம் சம்பளத்தில் வெட்டக் கொடுத்தார்.
இரண்டரைத் தகரம் கட்டி முடிந்தபோது
வேலையும் போயிற்று.

தொழில் நியாய சபையின் மின்விசிறி
ஒரு பக்கம் சாய்ந்து சுற்றும்.
நான் மொழிபெயர்ப்பாளர்.
மூன்று மொழிக்கும் நடுவே என் நாற்காலி,
அதில் ஒரு கால் ஆட்டம்.

தகரத்தை எடுத்தீரா?

"தகரத்தைக் கண்ணாலும் காணேல்லை அம்மா.
குடிச்சது உண்மை.
அந்தோனியார் திருநாள். கால் போத்தல்."

குடித்ததை இங்கே யார் கேட்டது என்றார்
கம்பனி வக்கீல் அபேகோன்.
குற்றப்பத்திரத்தில் வெறி இல்லை, தகரம்தான்.
அந்த வெறியைச் சிங்களத்தில் சொல்ல
எனக்கு வேலை இருக்கவில்லை.
அங்கேயும் அது வெறிதான்.
எந்தச் சாவடியிலும் அடையாள அட்டை காட்டாமல்
கடந்துபோன சொல்.

அப்போதுதான் மூலத்தைப் பார்த்தேன்.
ஷீட் என்றால் தாள்.
படுக்கையில் விரிப்பது. கூரையில் போடுவது.
கப்பற்காரன் வாயில் மட்டும் கயிறு.
பாயின் கீழ் மூலையை
இழுத்துப் பிடித்து வைக்கிற கயிறு.
மூன்றும் கைநழுவினால் பாய் படபடக்கும்,
நட்டநடுக் கடலில் கப்பல்
இல்லாத மதிலொன்றைப் பிடித்துக்கொண்டு
வீடு தேடி நடக்கும்.
எவனோ ஒரு மாலுமி
கரையில் தன் கூட்டாளியைப் பார்த்து
முதலில் சொல்லியிருப்பான்.
அப்படித்தான் சொல்கிறார்கள்.
அந்தச் சொல் பிறந்த இரவில்
தெளிந்த சாட்சி எவரும் இருந்திருக்க மாட்டார்.

நான் இதைச் சொன்னால்
தகரம் திரும்பிவரும்,
கட்டிய காசும் வரலாம்.
சொன்னால்
காவல் நேரத்தில் வெறி என்பது
முதல் தடவையாகப் பதிவாகும்.
சத்தியம் செய்த நாக்கு.
தண்ணீர் ஒரு மிடறு குடித்தேன்.
இன்னொரு மிடறு.

சொன்னேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.
அபேகோன் கோப்பைப் புரட்டினார், திருப்பிப் புரட்டினார்.
லெம்பேட்டுக்குத் தமிழில் விளக்கத் தொடங்கி
ஒரு கயிறு, பாயின் மூலையில் கட்டுவார்களே,
என்று நான் தட்டுத்தடுமாற

"தாமான்" என்றார்.

அகராதியில் தேடியிருந்தாலும்
எனக்கு வாய்த்திருக்காது.

"மூண்டு தாமானும் விட்டா
அது வெறிகாரன் நடைதானே அம்மா.
வெள்ளைக்காரனுக்கும் இது தெரியுமோ!"
பஸ்ஸில் பக்கத்து இருக்கையில்
ஊர்க்காரனைக் கண்டவர்போல் முகம்.
பிறகு என்ன நினைத்தாரோ,
விரல்களை மடித்து எண்ணினார்.
"ஆனா ஐயாவிட்டச் சொல்லுங்கோ,
அண்டைக்கு எனக்கு விட்டது ஒண்டுதான்.
மற்ற ரெண்டும் பிடியிலதான் இருந்தது."

சுருக்கெழுத்துப் பெண் ரசாங்கி
பேனையைத் தூக்கிப் பிடித்து
தாமானுக்குச் சிங்களம் என்ன என்று
கண்ணால் கேட்டாள்.
தலைவர் கேட்டது வேறு:
இவர் குற்றத்தை ஏற்கிறாரா, மறுக்கிறாரா?

கிளாஸில் தண்ணீர் முடிந்திருந்தது.